ஐந்து கிலோமீட்டர் காற்றின்மை

ஒரு அரசாங்கம் என்று இருந்தால், தன் எல்லைக்குள் எவ்வளவு மழை பெய்கிறது, எவ்வளவு ராகி விளைகிறது, எவ்வளவு காற்று வீசுகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறது என்று நீங்கள் கேட்கக் கூடாது. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த உயர்ந்த நோக்கத்துக்காக ஓசூருக்கு வெளியே, பெங்களூர் ரோட்டை ஒட்டிய ஒரு மேட்டின் மேல், எல்லையோரக் காற்று அளவை நிலையம் என்ற ஒன்று தொண்ணூறுகளில் இயங்கி வந்தது. பெயர்தான் நீளம், நிலையம் ரெண்டே அறை. மொட்டை மாடியில் ஒரு இரும்புக் கம்பம். கம்பத்து உச்சியில், காற்றடித்தால் கிறுகிறுவென்று சுற்றுகிற மூன்று கிண்ணங்கள். எத்தனை சுற்று சுற்றியது என்று காட்ட அடியில் ஒரு சின்ன மீட்டர்.

அந்த மீட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் முனிலட்சுமியின் வேலை. காலை எட்டரை, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்தரை என்று மூன்று வேளையும் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறுவாள். ஒன்பது வருஷமாக ஏறிக்கொண்டிருந்தாள். மழையில் ஏறினாள், காய்ச்சலோடு ஏறினாள், ரெண்டாவது பிள்ளை வயிற்றில் ஏழு மாசம் இருக்கும்போதும் ஏறினாள். அந்தப் பக்கத்து ஜனங்கள் அவளைக் காத்தக்கா என்றே கூப்பிட்டார்கள். துணி காயப் போடுவதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறவர்களும் உண்டு.

இத்தனை ஏறியும் அவள் இன்னும் தினக்கூலிதான். நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்ட கோப்பு சென்னைக்குப் போய் ஆறு வருஷமாகி, அங்கேயே செட்டில் ஆகிவிட்டது. விதி என்ன சொல்கிறது என்றால், நாற்பது வயது முடிவதற்குள் நிரந்தரமாகிவிட வேண்டும். தவறினால் ஆயுசுக்கும் தினக்கூலி, அதுவும் அவர்கள் போதும் என்கிற வரைக்கும். முனிலட்சுமிக்கு வருகிற ஆகஸ்டு பதிமூன்றாம் தேதி நாற்பது முடிகிறது. வீட்டுக்காரர் கோவிந்தப்பன் தொழிற்பேட்டையில் ஸ்ப்ரிங் செய்கிற கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்கும் நாளைக்கு வேலை உண்டா என்பது நாளைக்குத்தான் தெரியும். ஆகவே ஆகஸ்டு பதிமூன்று என்பது அந்த வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டாத குறையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் லேசர் வந்து இறங்கியது.

வெளிநாடு ஒன்று இனாமாகக் கொடுத்தது. ரெண்டு பீரோவைச் சேர்த்துக் கட்டிய மாதிரி ஒரு பெட்டி, மேலே கண்ணாடிக் கண் ஒன்று. கூடவே அதை இயக்குவதற்குப் பெங்களூரிலிருந்து கங்கப்பன் என்று ஒரு என்ஜினியர். தலை நரைத்தவர், நிதானமான மனுஷர். நிலையத்தின் சிறப்பு அலுவலர் சௌந்தரராஜன், சஃபாரி சூட்டுக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தவர், எல்லாரையும் பெட்டிக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்து, என்ஜினியரை விளக்கச் சொன்னார். சென்னைக்காரரான அவருக்கு ஓசூர் குளிர் சித்திரையிலும் ஒத்துக்கொள்ளாது.

"இது வெளிச்சத்தை அனுப்பும்மா," என்றார் கங்கப்பன், முனிலட்சுமியைப் பார்த்து. அவள் ஒருத்திதான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அஞ்சு கிலோமீட்டர் வரைக்கும் போகும். காத்துல மெதக்கிற தூசி மேல பட்டு கொஞ்சூண்டு வெளிச்சம் திரும்பி வரும். அந்தத் தூசி எந்தப் பக்கம் எவ்வளவு வேகமா போவுதுன்னு கணக்குப் போட்டா, அதான் காத்தோட வேகம்."

"அப்போ தூசிதான் சார் முக்கியம்."

"கரெக்ட்டா புடிச்சிட்டீங்க. அப்புறம் கரியமில வாயு, சாணி எரு மக்கும்போது வர்ற வாயு, இதெல்லாம் பூமியைச் சூடாக்குதுன்னு சொல்றாங்கல்ல. ஒவ்வொரு வாயுவும் ஒரு தினுசு வெளிச்சத்தைக் குடிச்சிரும். போன வெளிச்சம் எவ்வளவு, திரும்பினது எவ்வளவுன்னு பாத்தா எவ்வளவு குடிச்சிருக்குன்னு தெரிஞ்சிரும்."

"பார்ல மீதி எவ்வளவுன்னு பாத்துக் குடிச்சவனைக் கண்டுபிடிக்கிற மாதிரி," என்றார் அலுவலக உதவியாளர் திம்மப்பன். அவர் நிரந்தர ஊழியர், ஆகையால் சிரிக்க உரிமை இருந்தது.

லேசர் வந்த செய்தி ஊருக்குள் பரவிய வேகத்தை அந்த லேசராலேயே அளந்திருக்க முடியாது. ஒரே மாசத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் லேசர் டெய்லர்ஸ் வந்தது. லேசர் டீ ஸ்டால் வந்தது. ஒரு ஜோசியர் லேசர் முறையில் கைரேகை பார்க்கப்படும் என்று போர்டு மாட்டினார். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை லேசர் ஆபீசுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறார் என்று சொல்லிப் பெண் கேட்டார்களாம். முனிலட்சுமிக்கும் முதலில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, அலுவலர் அவளைக் கூப்பிட்டு அனுப்புகிற வரைக்கும்.

"முனிலட்சுமி, உங்க கோப்பு ஒரு வழியா கிளம்பி வந்திருக்கு."

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "நிஜமாவா சார்?"

"தேவைச் சான்று கேட்டிருக்காங்க. இந்தப் பதவி இன்னும் தேவையான்னு. லேசர் வந்துட்ட பிறகு நான் எப்படிம்மா தேவைன்னு எழுதறது? கிண்ணத்தை எண்ணறதுக்கு ஒரு ஆளா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே."

அரசாங்கத்தில் மனசாட்சி எப்போதும் இப்படித் தினக்கூலிக்காரர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதுதான் வேலைக்கு வரும். முனிலட்சுமி வெளியே வந்து ஏணிப்படியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள். பிறகு மணி ஐந்தரை ஆனதால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். பதினெட்டு கிலோமீட்டர் வேகம். ஆடி பிறக்கப் போகிறதல்லவா.

ஜூலை பதினேழு, ஆடி முதல் தேதி, அமைச்சர் வந்து லேசரைத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு.

அமைச்சர் வருகிறார் என்றால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். பிளீச்சிங் பவுடரால் ரெண்டு பக்கமும் கோடு போட்டார்கள். இந்த முறை வருவது சுற்றுச்சூழல் சம்பந்தமான இயந்திரம் என்பதால் கூடுதல் பக்தி. தொழிற்பேட்டையில் மூன்று நாள் எந்தப் புகைபோக்கியும் புகையக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு. கல் குவாரிக்கு லீவு. தண்ணீர் லாரி இருபது வந்து மண் ரோடு முழுவதும் நனைத்தது. தீயணைப்பு வண்டி வந்து புளியமரம், தைலமரம் எல்லாவற்றுக்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி இலை இலையாகக் கழுவியது. அதுவும் போதாதென்று முந்தின நாள் சாயங்காலம் மழையும் வந்து தன் பங்குக்குக் கழுவிவிட்டுப் போனது. ஓசூர் அப்படி ஒரு சுத்தத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

கங்கப்பன் பதறிப் போய் ஓடி வந்தார். "சார், சார், தூசி வேணும் சார்! இவ்வளவு கழுவினா வெளிச்சம் எது மேல பட்டுத் திரும்பும்? மெஷின் ஒண்ணும் காட்டாது."

சௌந்தரராஜன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அமைச்சர் வர்றப்போ தூசி கிளப்பச் சொல்றீங்களா? என் சர்வீஸ்ல இப்படி ஒரு கோரிக்கையை நான் கேட்டதில்லை."

"ரெண்டு லாரியாவது மண் ரோட்டுல ஓட விடுங்க சார்."

"பேடா சாமி, வேணாம்," என்று திம்மப்பன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "இப்பத்தான் கல்லுக்கு வெள்ளையடிச்சிருக்குது."

பதினேழாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு அமைச்சர் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். ஆடிக்காற்று என்றால் அன்றைக்கு அடித்ததுதான் ஆடிக்காற்று. ஷாமியானாவின் நாலு மூலையிலும் ஆள் ஆளாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வரவேற்பு வளைவில் இருந்த வாழைமரம் ஏற்கனவே வரவேற்றுவிட்டு ரோட்டைத் தாண்டிப் போயிருந்தது. பெட்டி உறுமியது, கண்ணாடிக் கண் சுற்றியது, பிரின்டர் ஒரு தாளைத் தள்ளியது. வெள்ளைத் தாள். எழுத்து ஒன்றும் இல்லை. இன்னொரு தாள், வாயுவுக்கானது. அதுவும் வெள்ளை.

"என்னய்யா?" என்றார் அமைச்சர்.

சௌந்தரராஜன் கையில் ஏழாம் எண் படிவம் இருந்தது. காற்றின் வேகம் என்று ஒரு கட்டம், வாயுவின் அளவு என்று ஒரு கட்டம். அடியில் தடித்த எழுத்தில், எந்தக் கட்டமும் காலியாக விடப்படலாகாது என்ற எச்சரிக்கை. இருபத்தாறு வருஷம் அந்த எச்சரிக்கைக்குக் கட்டுப்பட்டு வளர்ந்த கை அது. இயந்திரம் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதக் கட்டம் கிடையாது. இரண்டிலும் பூஜ்யம் போட்டு நீட்டினார்.

"காத்து பூஜ்யமா?" அமைச்சர் தோளிலிருந்து பறக்கப் போன துண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"லேசர் அப்படித்தான் சொல்லுதுங்க ஐயா. உலகத்தரம் வாய்ந்த இயந்திரம்ங்க."

கங்கப்பன் வாயைத் திறந்தார். திம்மப்பன் அதில் ஒரு லட்டைத் திணித்தார்.

அமைச்சர் ஒரு நிமிஷம் யோசித்தார். தேர்தல் வரப் போகிற காலம். மைக்கைப் பிடித்தார். "என் அன்பு மக்களே! காற்றில்லாமல் நீங்கள் படும் வேதனையை இன்றுதான் விஞ்ஞானம் என் கண்ணுக்குக் காட்டியது. இதைக் கண்டு கைகட்டி நிற்கும் அரசு அல்ல இது. இந்த இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தைக் காற்றில்லாப் பகுதியாக அறிவிக்கிறேன். குடும்பத்துக்கு ஒரு மேசை விசிறி!"

கைதட்டல் வானைப் பிளந்தது. அந்தச் சத்தத்தில் ஷாமியானா போனது யாருக்கும் கேட்கவில்லை.

மொட்டை மாடியில் நின்றுகொண்டு முனிலட்சுமி இதையெல்லாம் பார்த்தாள். கிண்ணங்கள் கண்ணுக்கே தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்று என்று எழுதினாள்.

மறுநாளே சௌந்தரராஜன் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்னம்மா இது? லேசர் பூஜ்யம்ங்குது, நீங்க முப்பத்தொண்ணுங்கறீங்க. தணிக்கையில கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"காத்து அடிச்சுது சார். உங்க தலைமுடியைக் கேளுங்க."

"அரசாணை வந்தாச்சும்மா. அரசாணைக்கு அப்புறம் அடிக்கிறது காத்து ஆகாது."

இதற்குள் சென்னையில் ஒரு நிபுணர் குழு உட்கார்ந்து, காற்றே இல்லாத இடத்தில் மக்கள் எப்படி மூச்சு விடுகிறார்கள் என்ற சிக்கலான கேள்வியை ஆராய்ந்து, 'நீண்டகாலப் பழக்கத்தின் காரணமாக' என்று அறிக்கை கொடுத்துவிட்டது. வாயுவும் பூஜ்யம் என்பதால் தொழிற்பேட்டை முதலாளிகள் ஒன்றுகூடி அரசுக்கு நன்றி நோட்டீஸ் அடித்து, அடைத்த புகைபோக்கிகளை ரெண்டு மடங்கு உற்சாகத்தோடு திறந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் இன்னொரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நமக்கு மேற்கேயிருந்து வர வேண்டிய காற்றை எல்லைக்கு அந்தப் பக்கமே தடுத்து வைத்திருக்கிறார்கள், காற்றுப் பங்கீட்டுக்கு நடுவர் மன்றம் வேண்டும் என்று அதில் கேட்டிருந்தது. அந்த நோட்டீஸ் ஒட்டிய அன்றே கிழிந்து பறந்துவிட்டது.

புகை வந்ததும் தூசியும் வந்தது. தூசி வந்ததும் லேசருக்கு உயிர் வந்தது. கங்கப்பன் குதித்துக்கொண்டு ஓடி வந்தார். "சார்! மெஷின் அருமையா வேலை செய்யுது! காத்து இருபத்தி நாலு. கரியமில வாயுவும் நல்லா ஏறியிருக்கு. மூணாவது புகைபோக்கியில இருந்துதான் வருதுன்னுகூட காட்டுது சார்!"

சௌந்தரராஜன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "மூடுங்க! முதல்ல அதை மூடுங்க!"

"ஏன் சார்?"

"காற்றில்லாப் பகுதியில உட்கார்ந்துகிட்டு அரசுப் பணத்துல வாங்கின மின்சாரத்தைக் குடிச்சிட்டு காத்து இருக்குன்னு ஒரு மெஷின் சொல்லுமா? யார் கொடுத்த தைரியம் அதுக்கு?"

உலகத்தரம் வாய்ந்த இயந்திரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். தார்ப்பாய் பறந்துவிடாமல் இருக்க நாலு மூலையிலும் கருங்கல் வைத்தார்கள். கங்கப்பன் ரெண்டு நாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் பெங்களூர் பஸ் ஏறிவிட்டார். போகும்போது முனிலட்சுமியிடம் மட்டும் சொல்லிக்கொண்டார். "உங்க கிண்ணத்தை யாரும் கழுவி நிறுத்த முடியாதும்மா. அது நல்ல மெஷின்."

இப்போது ஒரு சங்கடம். காற்றில்லாப் பகுதியில் காற்று இல்லை என்று தினமும் மூன்று வேளை யாராவது சான்றளிக்க வேண்டும், இல்லாவிட்டால் நிவாரணம் நின்றுவிடும் என்று அரசாணையில் ஒரு வரி இருந்தது. லேசரை நம்ப முடியாது, அது உண்மையைச் சொல்லிவிடும். ஒரு மனுஷப் பிறவிதான் வேண்டும். சௌந்தரராஜன் முனிலட்சுமியைக் கூப்பிட்டு, முதல் தடவையாக உட்காரச் சொன்னார்.

"காற்றின்மைக் கண்காணிப்பாளர். நிரந்தரப் பதவி. உங்க கோப்புல தேவைன்னு மட்டுமில்லம்மா, அத்தியாவசியம்னு எழுதியிருக்கேன். பதிமூணுக்குள்ள ஆர்டர் வந்துரும்."

"நான் என்ன செய்யணும் சார்?"

"மூணு வேளை மாடி ஏறணும். பூஜ்யம்னு எழுதணும்."

"ஏறணுமா சார்? இங்கியே உக்காந்து எழுதிரலாமே."

"ஏறாம எழுதினா பொய்ப் பதிவு ஆயிடும்மா."

அன்று வீட்டில் அவள் களி கிண்டிக்கொண்டே கோவிந்தப்பனிடம் விஷயத்தைச் சொன்னாள். "ஒம்பது வருஷமா கண்ணால பாத்ததை எழுதின கை. எப்படிங்க இல்லைன்னு எழுதறது?" கோவிந்தப்பன் தட்டை எடுத்து வைத்தார். அப்புறம், "நிரந்தரம் கேட்டுடுவேன்னு எங்க கம்பெனியில நான் வேலைக்கே வரலைன்னு எழுதித்தான் பதினோரு வருஷமா சம்பளம் தர்றாங்க. அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன்ல," என்றார். முனிலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, களி அடிப்பிடிக்கிற வரைக்கும் சிரித்தாள். மறுநாள் காலை எட்டரைக்கு ஏறினாள். இருபத்தேழு. பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முதல் பூஜ்யம்தான் கோணலாக விழுந்தது, நாலாவதிலிருந்து நல்ல வட்டமாக வந்தது.

இப்படி இருக்கையில் கிழக்கே இருக்கிற பேரிகை என்ற ஊரிலிருந்து ஒரு தூதுக்குழு வந்தது. தலைமை நாராயணப்பன், நாலு ஏக்கர் தோட்டமும் எட்டு ஊருக்குக் கேட்கிற குரலும் உள்ள விவசாயி.

"காத்தக்கா, இது அநியாயம். ஓசூர்க்காரனுக்கு மட்டும் காத்து இல்லையா? எங்க ஊர்ல அதைவிட இல்லை. வந்து பாரும்மா."

பேசும்போதே அவர் வேட்டி பாய்மரமாகப் புடைத்தது. ரெண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, காற்றில்லாக் கொடுமையைக் கண்ணீரோடு விவரித்தார். அலுவலர் முனிலட்சுமியை நேரில் ஆய்வு செய்யச் சொல்லி ஜீப்பில் அனுப்பினார்.

பேரிகை அவளுக்காகத் தயாராக இருந்தது. கொடியில் ஒரு துணி கிடையாது. வைக்கோல் போர் மேல் கல் ஏற்றியிருந்தார்கள். ஊர் நடுவில் இருந்த அரசமரத்தின் கிளைகளைக் கயிறு போட்டுக் கீழே முளைக்குச்சியில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். இலைகள் மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. ஐம்பது பெண்கள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். பேசினால் முந்தானை போய்விடும் என்பதால் வரவேற்பு வெறும் தலையசைப்பில் நடந்தது.

"பாத்தியாம்மா, ஒரு இலை அசையுதா?" என்றார் நாராயணப்பன்.

"இலை அசையுதுண்ணா."

"அது பழக்கத்துல அசையுது."

நாட்டுக்கோழிக் குழம்பும் களியும் போட்டார்கள். இலையைப் பறக்காமல் ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து பேரிகை, பூஜ்யம் என்று எழுதினாள். ஊரே ஓவென்று கத்தியது, கத்தியதில் ஐம்பது முந்தானையும் ஒரே நேரத்தில் கிழக்கே பறந்தன. பேரிகையைப் பார்த்துப் பாகலூர் வந்தது, பாகலூரைப் பார்த்து இன்னும் பன்னிரண்டு ஊர்கள் வந்தன. எல்லாருக்கும் பூஜ்யம் போட்டுக் கொடுத்தாள். என்ன, ஒரு ஊருக்கு ஒரு சுழிதானே.

விசிறி வழங்கும் விழாவை ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி வைத்தார்கள். முனிலட்சுமியின் ஆணையும் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. அமைச்சர் கையாலேயே கொடுக்க ஏற்பாடு. வாங்கிக்கொண்டு, மாலை ஐந்து மணிக்குள் அசல் ஆணையை அலுவலகத்தில் ஒப்படைத்துப் பணியில் சேர்ந்துவிட வேண்டும். விடிந்தால் நாற்பது. அவள் கல்யாணப் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கோவிந்தப்பன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

மைதானத்தில் மூவாயிரம் பேர். வரிசையில் வந்து, ரசீதில் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு விசிறியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முனிலட்சுமிக்கும் ஒன்று கிடைத்தது. மேடையில் அலங்காரத்துக்கு ஐம்பது விசிறிகளை வயர் கொடுத்து ஓட விட்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பதிவேடு மேடைக்கே வந்தது. அவள் மைக்கில் வாசித்தாள். "பகல் பன்னெண்டு மணி. காற்று பூஜ்யம்." கையெழுத்துப் போட்டாள். கைதட்டல். அமைச்சர் ஆணையை நீட்டினார். ஒன்பது வருஷம் ஏறிய ஏணியின் உச்சி அந்த ஒற்றைத் தாள். அதை வாங்கும்போது அவளுக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

அப்போது கரண்ட் போனது.

மைக் செத்தது. மேடை விசிறிகள் தளர்ந்தன. மூவாயிரம் பேரும் 'ச்சே' என்று சொல்ல வாயெடுத்த நேரம், மேற்கேயிருந்து ஆடிக்காற்று ஒரு பெரிய மூச்சாக வந்து இறங்கியது. நின்றுகொண்டிருந்த ஐம்பது விசிறிகளும் மறுபடி சுற்றத் தொடங்கின. மடியில் இருந்த மூவாயிரம் விசிறிகளும், வயர் இல்லை, பிளக் இல்லை, கிறுகிறுவென்று சுற்றின.

மூவாயிரம் பேரும் தங்கள் மடியைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு நாராயணப்பனின் குரல் எழுந்தது. "ஆஹா! கரண்ட் இல்லாமயே ஓடுதுடா! கவர்மென்ட் ஃபேன்னா சும்மாவா! என்ன காத்து! என்ன காத்து!"

மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. அமைச்சர் கைதட்டினார், சௌந்தரராஜன் கைதட்டினார். அந்தக் குதூகலத்தில் முனிலட்சுமியும் தன்னை மறந்து சிரித்துக்கொண்டே கைதட்டிவிட்டாள். கைதட்ட வேண்டுமென்றால் கையில் இருப்பதை விட்டாக வேண்டுமே. ஆணை மேலே எழும்பியது. ஜனங்களின் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. திம்மப்பன் எம்பினார், கோவிந்தப்பன் ஓடினார். அது பேரிகை ரோட்டுப் பக்கமாகக் கிழக்கே போய், லாரிகளுக்கும் தைலமரங்களுக்கும் அப்பால் போயே போய்விட்டது.

நாலு மணிக்கு அவள் சௌந்தரராஜன் முன்னால் நின்றாள்.

"மறு ஆணை தரலாம்மா. இங்கேயே அச்செடுத்துத் தர எனக்கு அதிகாரம் இருக்கு. எப்படித் தொலைஞ்சதுன்னு காரணம் எழுதணும்."

"காத்துல போச்சு சார். நீங்களும் பாத்தீங்கல்ல."

"பன்னெண்டு மணிக்குப் பூஜ்யம்னு நீங்கதானேம்மா கையெழுத்துப் போட்டீங்க. காத்து அடிச்சதுன்னா அரசாணை ரத்து, விசிறி ரத்து, உங்க பதவியும் ரத்து. அப்புறம் எதுக்கு ஆணை?"

முனிலட்சுமி வெளியே ஓடினாள். பஸ்ஸுக்கு நின்றிருந்த நாராயணப்பன் விசிறியைக் கைக்குழந்தையாக அணைத்துக்கொண்டிருந்தார். "அண்ணா, என் பேப்பர் பறந்ததைப் பாத்தீங்கல்ல? சாட்சி சொல்லுங்கண்ணா."

"பாத்தேன்மா. ஆனா காத்துல பறந்துச்சுன்னு நான் எப்படிச் சொல்வேன்? இதைத் திருப்பிக் கேப்பாங்களே." கொஞ்சம் யோசித்தார். அவர் முகம் மலர்ந்தது. "ஏம்மா, அது காத்துல எங்க பறந்துச்சு? ஃபேன் காத்துல பறந்துச்சு!"

அடடா, என்ன மூளை! முனிலட்சுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்காத குறை. அரசாணைக்கும் பங்கமில்லை, விசிறிக்கும் பங்கமில்லை. இயற்கைக் காற்று பூஜ்யம், பறக்கவிட்டது அரசு விசிறி. ஐந்து நிமிஷத்தில் நூற்றிருபது பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். திம்மப்பனும் போட்டார். நாலே முக்காலுக்கு அந்தத் தாளை மூச்சு வாங்க மேசை மேல் வைத்தாள்.

சௌந்தரராஜன் ரெண்டு தடவை படித்தார். "அருமை. சட்டப்படி ஒரு குற்றம் சொல்ல முடியாது." பேனாவைக்கூட எடுத்துவிட்டார். எடுத்தவர் நிதானித்து, மேஜையில் கட்டி வைத்திருந்த விசிறி ரசீதுகளைப் பிரித்து அவளுடையதைத் தேடி எடுத்தார். தேடி முடிக்க மணி ஐந்து. அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் பொடி எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். இவ்விசிறியின் காற்றினால் ஏற்படும் எந்த இழப்புக்கும் மாற்று கோர மாட்டேன் என உறுதியளிக்கிறேன். கீழே நல்ல வட்டமான கையெழுத்து, அவளுடையதுதான்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கலாமேம்மா," என்றார், நிஜமாகவே வருத்தத்தோடு. "தினக்கூலியா ஏறிட்டு இருங்க. பூஜ்யம் எழுத ஆள் வேணும்தான்."

முனிலட்சுமி அவரையே பார்த்தாள். அழுகைதான் வரப் போகிறது என்று நினைத்தாள். வந்தது சிரிப்பு. பட்டுப் புடவை கசங்கச் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த நேரம் ஜன்னல் கதவு படாரென்று திறந்துகொண்டது. மேஜையில் இருந்த ரசீதும் கோப்பும் அறை முழுக்க எழும்பிப் பறந்தன.

"திம்மப்பா! ஜன்னலைச் சாத்துப்பா, கோப்பெல்லாம் பறக்குது!" என்று சௌந்தரராஜன் ரெண்டு கையாலும் மேஜையை அமுக்கிக்கொண்டு கத்தினார்.

பதில் இல்லை. திம்மப்பன் நிரந்தர ஊழியர், ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார். அலுவலர் முனிலட்சுமியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜன்னலைச் சாத்தப் போனாள்.